ஒன்பதாம் பக்கத்துக்கு அப்பால்

திருச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச்
சைக்கிளில் போகிறவர்களுக்கென்று
தேவசகாயம் எழுதிவைத்த குறிப்புகள்.
பதினான்கு பக்கம், ஜெராக்ஸ்.
பால் கவரில் சுற்றி
ஹேண்டில் பையில் வைத்திருந்தேன்.

ஆளைப் பார்த்ததில்லை.
கையெழுத்து மட்டும் பழக்கம்.
மேடு வந்தால்
எழுத்தும் மூச்சு வாங்கிச் சாயும்.

'கீரனூர் பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்.
கேட்கும்போது சிரி.'
சிரித்தேன். இலவசம்தான்.
'நமணசமுத்திரம் தாண்டி நாய்கள்.
இறங்கி நடந்தால் அவையும் நடக்கும்.'
நடந்தன.
'திருமயத்தில் கோட்டையைப் பார்த்துக்கொண்டே
ஓட்டாதே. வேகத்தடை.'
பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.
என் முட்டியில் இன்னும் எரிகிறது திருமயம்.

எட்டாம் பக்கம், கானாடுகாத்தான்:
'பூட்டிய வீடுகள் நிழல் தரும், தண்ணீர் தராது.
மூன்று மணிக்கு மேல் கிழக்குச் சுவர்.
வெள்ளைப் பணியாரம் ஆறு தின்றால்
பதினெட்டு கிலோமீட்டர் ஓடும்.'

நான் எட்டு தின்றேன்.
தெருமுனை வரைதான் ஓடியது.
பின் டயரில் சீமைக்கருவேல முள்.

நயினா முகமது கடையில்
ஓரம் உடைந்த எனாமல் பேசின்,
காரைக்குடி பழைய சாமான் கடைக்காரரே
வேண்டாமென்று தள்ளிவிட்டது.
ட்யூபை அதில் முக்கினார்.
மூன்று இடத்தில் குமிழ்.
"ஒரு முள்ளுன்னீங்க?"

சொலூஷன் காயும்வரை வேலையில்லாத கண்
சுவர் ஆணிக்குப் போனது.
தொங்குகிறது ஒரு சின்ன பம்ப்,
கைப்பிடியில் நீல டேப்.
முதல் பக்கத்திலேயே படித்தேனே:
'பம்ப் இல்லாமல் கிளம்பாதே.
என்னுடையதற்குக் கைப்பிடி உடைந்து
நீல டேப் சுற்றியிருக்கிறேன்.'

"அதுவா?
கண்ணாடி போட்ட ஒருத்தரு. நாலு வருஷமிருக்கும்.
முழங்கால் இப்பிடி வீங்கிக் கெடந்துச்சு.
இனிமே எனக்கு எதுக்குன்னு குடுத்துட்டு
செட்டிநாடு ஸ்டேஷன்ல திருச்சி வண்டி ஏறிட்டாரு.
சைக்கிள நாந்தான் தூக்கி ஏத்துனேன்."

பால் கவரைப் பிரித்தேன்.
ஒன்பது, தேவகோட்டை:
'ஊரணிக்கரையில் படுத்தேன். ராத்திரி முழுக்கத் தவளை.'
பதினொன்று, தொண்டி:
'பம்ப் எடுத்துக் காற்றடித்தேன். கடலைப் பார்த்ததில்
எத்தனை அடித்தேன் என்று எண்ணவில்லை.'
பதிமூன்று, பாம்பன்:
'பாலத்தில் எதிர்காற்று. இறங்கிவிட்டேன்.'
பதினான்கில் இவ்வளவுதான்:
'தனுஷ்கோடி. சொல்ல ஒன்றுமில்லை.'
அந்த வரி மட்டும் பொய்யில்லை.

இப்போதுதான் கவனிக்கிறேன்:
பாம்பன் பாலத்து ஏற்றத்தில்
ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.
மேசைமேல் வைத்து எழுதியிருக்கிறார்,
காலை நீட்டி
இன்னொரு நாற்காலியில் போட்டுக்கொண்டு.

கோபம் வந்தது.
முப்பது ரூபாயை எண்ணிக் கொடுக்கும்வரை இருந்தது.
பிறகு என் நோட்டு ஞாபகம் வந்தது,
நேற்று ராத்திரி எழுதியது:
'கீரனூர் - புதுக்கோட்டை, இருபத்தைந்து கிலோமீட்டர்,
இடையில் எங்கும் நிற்கவில்லை.'
நிற்கவில்லைதான்.
வைக்கோல் ஏற்றிய டாட்டா ஏஸ்
பதினொரு கிலோமீட்டர் எங்கும் நிற்கவில்லை,
சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் படுத்திருக்க.

நீல டேப் பம்ப்பாலேயே காற்றடித்தார்.
"வேணும்னா கொண்டுபோங்க, சும்மாதான் கெடக்கு."
வேண்டாமென்று கிளம்பி
பள்ளத்தூர் வளைவு வரை போய்
திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன்.
ஆறு கிலோமீட்டர் கூடுதல்.
நயினா முகமது
ஏன் என்று கேட்கவில்லை.
பேசின் தண்ணீரைத் தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கோட்டையூர் தாண்டியதும்
எதிர்காற்று.
பாம்பனுக்கு
இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் இருந்தது.